பாசி நாள் மாத்திரை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. கடைசியில் யாராவது இவள் நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இராமநாதபுரத்திலிருந்து காலை பஸ் பிடித்து, கடற்கரையை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பல வருடங்களாக நர்ஸாகப் போய்வருகிறேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்கள் என் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை அவர்களுக்கான நாள். அன்றைக்கு என் சத்தம் ரோட்டுக்குக் கேட்கும் என்று எதிர்த்த டீக்கடைக்காரர் சொல்வார். கேட்கட்டும் என்றுதான் நானும் கத்துவேன்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள் வெறும் நோட்டோடு வரக் கூடாது, மிச்சம் இருக்கிற மாத்திரை அட்டைகளையும் கொண்டுவர வேண்டும். மேஜையில் கொட்டி, எண்ணிப் பார்ப்பேன். ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் முறைப்பேன். ஐந்தாறு மிஞ்சினால் திட்டு. எண்ணிக்கை சரியாக இருந்தால் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்காகவே சில கிழவர்கள் வரும் வழியில் மிச்ச மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்படி மாதாமாதம் என்னிடம் வருகிறவர்களில் ஒருத்தி பாசிக்குப் போகிறவள். பாசிக்குப் போவது என்றால், வல்லம் என்கிற நாட்டுப் படகில் ஏறித் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் கடல்பாசியைக் கையால் பறித்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவது. எங்கள் கடற்கரையில் இது பெண்களின் வேலை. விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள், காலில் ரப்பர் செருப்பைக் கயிறு போட்டுக் கட்டிக்கொள்வார்கள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பதை நெருங்கியவள். புருஷன் இல்லை. கட்டிக்கொடுத்த ஒரே மகள் அதே தெருவில் தையல் மிஷின் போட்டுக்கொண்டு இருந்தாள். பாசிக்கு இவளோடு ஒரே வல்லத்தில் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர், எப்போது இறங்குவது, எப்போது கிளம்புவது என்று அவள் வாயைத்தான் பார்ப்பார்கள். வெயிலும் உப்பும் தின்ற முகம். பேச்சு குறைவு. நான் கேட்கிற எதற்கும் ஒரே பதில்தான் வரும்.

“ஒழுங்காத்தான் போட்டுக்கிட்டு வாரேன் சிஸ்டர்.”

அவளுக்கு இரண்டு விதமான மாத்திரை. காலையிலும் ராத்திரியிலும் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது பெரிய மாத்திரை. காலையில் மட்டும் போடுவது சின்ன மாத்திரை. பெயரெல்லாம் எங்கள் ஊரில் யாருக்கும் தேவைப்படுவதில்லை, பெரிசு, சின்னது, அவ்வளவுதான். அவள் கொண்டுவரும் அட்டைகளில் பெரிசு சரியாகத் தீர்ந்திருக்கும். சின்னதில் ஒவ்வொரு மாதமும் பதினொன்று, பன்னிரண்டு மிஞ்சும். சர்க்கரையோ இருநூற்று ஐம்பதுக்குக் கீழே இறங்காது. எனக்கு எரிச்சலாக வரும். படித்துப் படித்துச் சொன்னேன், செவிடன் காதில் ஊதின சங்குதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பொறுமை போய்விட்டது. வரிசையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் அவளுடைய சின்ன மாத்திரைகளைத் தள்ளித் தள்ளி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எண்ணினேன். பன்னிரண்டு.

“ஏத்தா, யாரை ஏமாத்துற? என்னையா, அந்த டாக்டரையா? காலு அழுகி வந்து நின்னா அப்பவும் ஒழுங்காத்தான் போட்டேன்னு சொல்லுவியா?”

 மேஜையில் கிடந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வரிசையில் இருந்தவர்கள் தங்கள் அட்டைகளைப் பைக்குள் தள்ளிக்கொள்வதைப் பார்த்தேன். நல்ல பாடம் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று அப்போது எனக்குத் திருப்தி.

அத்தோடு நான் விடவில்லை. டாக்டரம்மா அப்போதுதான் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். ஈரோட்டுப் பக்கம், என் மகள் வயது, கடலையே வேலைக்கு வந்த பிறகுதான் கிட்டத்தில் பார்த்தவர். “டோஸ் பத்தலை டாக்டர், கூட்டிக் குடுங்க” என்று நான்தான் சொன்னேன். நோட்டில் இருந்த எண்களும் அதையே சொல்லின. சின்ன மாத்திரையை இரண்டு மடங்காக ஆக்கினார். அன்றே நான் மகளுக்குப் போன் போட்டேன். “தினமும் காலையில நீ போய்ப் பக்கத்துல நின்னு, உன் கையால குடுத்து, தண்ணி குடிக்க வச்சு, வாயைத் திறந்து பாத்துட்டுத்தான் வரணும்” என்றேன். மகள் நல்ல பெண். சொன்னதை அப்படியே செய்தாள்.

அமாவாசையை ஒட்டி ஒருநாள், மதியத்துக்கு முன்னால், ஆட்டோவில் அவளைக் கொண்டுவந்தார்கள். நான்கு பெண்கள், உடம்பெல்லாம் ஈரம், தலையெல்லாம் மணல். நடுவில் அவள். தலை தொங்கிப்போய், உடம்பு வியர்த்து, கூப்பிட்டால் ‘ம்’ மட்டும் சொல்லிக்கொண்டு. விரல் நுனியில் குத்திப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. வல்லத்திலேயே அவள் வாயில் கருப்பட்டியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகும் ஐம்பத்திரண்டு. டாக்டரம்மா ஓடி வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்.  

அவள் கண் திறந்து ஆளை அடையாளம் காணுகிற வரைக்கும், அவளோடு எப்போதும் சேர்ந்தே முங்குகிற பக்கத்து வீட்டுக்காரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள்தான் நடந்ததைச் சொன்னாள். இரண்டாவது தடவை முங்கினவள் ரொம்ப நேரமாக மேலே வரவில்லை. இவள் உள்ளே போய்ப் பார்த்தால், பாறையைப் பிடித்தபடி சும்மா இருந்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

“மாத்திரை போட்டாளா இன்னைக்கு?” என்று கேட்டேன்.

“அதான் போட்டுட்டா சிஸ்டர். மக வந்து நின்னு போட வச்சுட்டா. இல்லாட்டி தண்ணிக்குப் போற நாள்ல இவ எங்க போடுவா?” என்றாள். அப்புறம் எனக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். “சின்ன மாத்திரையப் போட்டுட்டு முங்கினா கண்ணை இருட்டிக்கிட்டு வருது. அதனால அமாவாசைக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளு, பாசிக்குப் போற அன்னைக்கு மட்டும் போட மாட்டா. நம்ம வல்லத்துல சக்கரை இருக்கிற மத்த ரெண்டு பேரும் அப்படித்தான்.”

தண்ணீர் நன்றாக வற்றுகிற நாட்களில்தான் பாசிக்குப் போவார்கள். அது எனக்குத் தெரியும். இந்தக் கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று எனக்குக் கூட்டவும் தெரியும். மாதம் மாதம் பன்னிரண்டு மாத்திரையை எண்ணினவள் நான். அது எந்தப் பன்னிரண்டு நாள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவள் எங்களிடம் வருவதெல்லாம் பாசி நாட்கள் முடிந்த கையோடு வருகிற செவ்வாய்க்கிழமையில். அதற்கு முந்தின ஆறு நாள் மாத்திரை போட்டிருக்க மாட்டாள், சர்க்கரை ஏறித்தான் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து நாங்கள் டோஸைக் கூட்டினோம். கூட்டின டோஸை மகளைக் காவல் வைத்து முழுங்க வைத்து, வெறும் வயிற்றோடு தண்ணீருக்குள் அனுப்பினோம். நாங்கள் என்ன நாங்கள், நான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கும் சர்க்கரை உண்டு. அதே பெரிசும் சின்னதும்தான் நானும் சாப்பிடுகிறேன். கல்யாண வீட்டுக்குப் போகிற அன்றைக்குப் பாதி மாத்திரை அதிகமாகப் போட்டுக்கொள்வேன். பஸ் தாமதமாகி மத்தியானம் சாப்பாடு தள்ளிப்போகும் என்று தெரிந்தால் சின்னதை விட்டுவிடுவேன். எந்த டாக்டரையும் கேட்டதில்லை. அதற்கு நான் வைத்திருந்த பெயர் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கிறது’. அவள் செய்தால் அதற்குப் பெயர் ஏமாற்று. ஊருக்குத்தான் உபதேசம்.

சாயங்காலம் அவள் எழுந்து உட்கார்ந்து, கட்டிலில் சாய்ந்தபடி டீ குடித்தாள். டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றேன். உட்காரத் தைரியம் வரவில்லை.

“ஏங்க, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க இல்ல?”

“சொன்னா பாசிக்குப் போகாதம்பீங்க” என்றாள். அவ்வளவுதான். கோபமில்லை, குறையும் சொல்லவில்லை.

டாக்டரம்மா அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். சர்க்கரை தாழ்ந்து தண்ணீருக்குள் மயங்கினவளிடம் எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். ஆனால் திறந்த வாயை மூடிக்கொண்டு, நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். பிறகு, “பாசிக்குப் போற அன்னைக்கு நீங்க எந்திரிக்கிறதுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணுவீங்க, சொல்லுங்க” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள், சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி. அந்தப் பார்வை எனக்கு வலித்தது. “சொல்லுத்தா” என்றேன்.

சொன்னாள். விடிவதற்கு முன்னால் எழுந்து கடுங்காப்பி குடிப்பாள். வயிற்றில் ஏதாவது இருந்தால் முங்கும்போது குமட்டும், அதனால் பாசிக்குப் போகிற யாரும் காலையில் சாப்பிட மாட்டார்கள். தீவுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம். அப்புறம் நாலைந்து மணி நேரம் தண்ணீருக்குள்ளேயே. கரைக்கு வந்து, பாசியை நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன மத்தியானம் இரண்டு ஆகிவிடும். கடலுக்குப் போகாத நாட்களில் இட்லி, சோறு, மீன் குழம்பு, வீட்டு வேலை, தூக்கம். அவளுக்கு மாதத்தில் இரண்டு விதமான நாட்கள் இருந்தன. எங்கள் நோட்டில் ஒரே விதமான நாள்தான் இருந்தது.

“சின்ன மாத்திரையப் பாசி அன்னைக்கு மத்தியானம் சோறு திங்கும்போது போட்டா ஆகாதா?” என்று அவளே கேட்டாள். எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாளோ.

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நல்ல கேள்விங்க. ஆனா அது மறுநாள் விடியற வரைக்கும் உள்ளே வேலை செஞ்சுட்டே இருக்கும். மறுபடியும் நீங்க வெறும் வயித்துல முங்குவீங்க. பெரிசு அப்படி இழுத்துத் தாழ்த்தாது. பெரிசை மத்தியானமும் ராத்திரியும் போட்டுக்கலாம். சின்னது அந்த ஆறு நாளும் வேண்டாம். மத்த நாள்ல பழைய டோஸே போதும்.”

“அப்ப நான் செஞ்சது சரியா?”

“பாதிக்கு மேல சரிங்க” என்றார் டாக்டரம்மா. “சாப்பிடாம முங்குறது மட்டும் சரியில்லை.”

இதற்கு அவள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. இட்லி முடியாது என்றாள். கஞ்சி என்றதற்கு, குமட்டும் என்றாள். பிஸ்கட் என்றதற்கு, நமத்துப் போகும் என்றாள். கடைசியில் அவளே யோசித்து, கடுங்காப்பியில் கருப்பட்டி போட்டு இரண்டு வறுக்கி ரொட்டியை நனைத்துத் தின்கிறேன், அது வயிற்றில் நிற்கும் என்றாள். சர்க்கரைக்காரிக்குக் கருப்பட்டியா என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். முழுங்கிக்கொண்டேன்.

நான் செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டு. சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றிக் கட்டிலில் விரித்தேன். அமாவாசைக்குக் கறுப்பு வட்டமும் பௌர்ணமிக்கு வெள்ளை வட்டமும் போட்டிருந்தது. அவள் விரலை வைத்துக் காட்டக் காட்ட, பாசி நாட்களைச் சிவப்புப் பேனாவால் சுற்றினேன். நோட்டில் டாக்டரம்மா இரண்டு பத்தி எழுதினார். ஒன்று பாசி நாள், இன்னொன்று வீட்டு நாள். கூட முங்குகிறவளுக்கு மயக்கத்தின் அடையாளங்களைச் சொல்லிக்கொடுத்தோம். தனியாக முங்கக் கூடாது, வல்லத்தில் எப்போதும் கருப்பட்டி இருக்க வேண்டும் என்று முடிவானது. கையெழுத்துப் போடப் போன டாக்டரம்மா பேனாவை நிறுத்தி, “இது உங்களுக்கு முடியுமுங்களா?” என்று கேட்டார். அவள் நோட்டை வாங்கி, எழுத்துக்கூட்டி இரண்டு பத்தியையும் வாசித்துவிட்டு, “முடியும்” என்றாள். நோட்டு அவளுடையதுதான். இத்தனை வருடத்தில் அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன்.

அடுத்த பாசி நாட்களில் கரைக்கு வந்ததும் ஈரச் சேலையோடு நேராக என்னிடம் வருவாள். குத்திப் பார்ப்பேன். நூற்றெழுபது, நூற்றெண்பது என்று நின்றது. எனக்குத் திருப்தி இல்லை. எண் அழகாக இருக்க வேண்டும் எனக்கு. “நூத்தியெம்பதுல கரைக்கு வர்றாங்களே சிஸ்டர், அது போதும்” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மூன்று மாதச் சர்க்கரையைப் பார்க்கும் சோதனை எடுத்தபோது, நான் திட்டித் திட்டி இறக்க முடியாதது இறங்கியிருந்தது. அவள் வல்லத்தில் இருந்த மற்ற இரண்டு பேரும் ஒருநாள் வந்தார்கள். “எங்களுக்கும் ரெண்டு பத்தியா எழுதிக் குடுங்க” என்றார்கள். மாத்திரை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். கத்துவதை விட முடியவில்லை. தொண்டை பழகிவிட்டது.

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசையில் தனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டுக் கடைசி ஆளாக உள்ளே வந்தாள்.

“ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது.”

“கத்தல.”

“போன அமாவாசைக்கு, கால்ல கட்டின செருப்பு பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பாறை கிழிச்சிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல சிஸ்டர். வல்லத்துல ஏறினப்பறம் பக்கத்து வீட்டுக்காரிதான், என்னடி ரத்தம்னு கேட்டா. பாத்தா பாதம் பொளந்திருக்கு. வலிக்கல.” நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஒரு வருஷமாவே அப்படித்தான் இருக்கு. கீழ கல்லா மணலான்னு கண்ணால பாத்துத்தான் மிதிக்கிறேன்.”

காயம் ஆறி, தோல் மூடியிருந்தது. டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். தொட்டால் ‘ம்’ சொல்ல வேண்டும். குதிகாலில் ‘ம்’ சொன்னாள். விரல்களைத் தொட்டபோது ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடியபடி காத்திருந்தாள். எப்போது தொடுவார்கள் என்று காத்திருந்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. போன உணர்ச்சி திரும்பி வராது, அடுத்த காயம் இதே மாதிரி ஆறலாம், ஆறாமல் விரலையோ பாதத்தையோ எடுக்கிற அளவுக்கும் போகலாம், எது நடக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். “என்னைக் கேட்டா தண்ணிக்குள்ள இறங்க வேண்டாம்னுதான் சொல்லுவனுங்க. ஆனா முடிவு உங்களது. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணிக்குள்ள போயிட்டா யாரும் என்னையக் கூப்பிட முடியாது டாக்டரம்மா. வீட்டுல இருந்தா அம்மா, தெருவுக்கு வந்தா அக்கா. உள்ள போனா நான் மட்டுந்தான்” என்றாள். அப்புறம் நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டாள்.

மறுநாள் வந்து, தயாராக வைத்திருந்ததைச் சொன்னாள். வருகிற பௌர்ணமிக்கு ஆறு நாள் முங்குவாள். அதோடு முங்குவதை விட்டுவிடுவாள். அதற்குப் பிறகு வல்லத்திலேயே இருந்து, மற்றவர்கள் எடுத்து வருவதை வாங்கி அலசிப் போடுவாள், யார் முங்கினார்கள், யார் மேலே வரவில்லை என்று பார்த்துக்கொள்வாள். அந்த ஆறு நாளும் புதுச் செருப்பு, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி. ஆறு நாளும் கரைக்கு வந்ததும் என்னிடம் காலைக் காட்டுவாள்.

எனக்கு உள்ளே கொதித்தது. அந்த ஆறு நாள் எதற்கு? ஆறு நாளில் ஒரு கல் போதாதா? கையைப் பிடித்து, ஏத்தா வேண்டாம் என்று கத்தலாம். மகளுக்குப் போன் போடலாம். அது எனக்குக் கைவந்த வேலை. டாக்டரம்மா அவள் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதினார், தன் யோசனை வேறு என்றும் எழுதினார், அதை அவளுக்கு வாசித்தும் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலையிலேயே கஷ்டமான வேலை அன்றைக்கு நான் பார்த்ததுதான்.

அந்த ஆறு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் அவள் வருவாள். பெஞ்சில் உட்கார்ந்து, ரப்பரை அவிழ்த்து, காலை நீட்டுவாள். விரல் இடுக்கு, குதிகால், பாதம் எல்லாம் துடைத்துப் பார்ப்பேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ரப்பர் அழுத்தின தடம், அதுவும் சாயங்காலத்துக்குள் போய்விட்டது. ஐந்தாம் நாள்வரை இப்படியே போனது.

ஆறாம் நாள் என்னால் ஆஸ்பத்திரியில் உட்கார முடியவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, பஞ்சும் துணியும் எடுத்துக்கொண்டு கரைக்கே போனேன். காற்று அதிகம். வல்லங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவளுடைய வல்லம் கடைசியில் வந்தது. மற்றப் பெண்கள் பாசி மூட்டைகளை இறக்கினார்கள். அவள் எல்லாரும் இறங்கின பிறகு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கண்ணாடியைக் கழற்றவில்லை. அப்புறம் ஒருமுறை முழுதாக முங்கினாள். ரொம்ப நேரம் உள்ளே இருந்தாள். நான் மணலில் கால் பதிய எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி, “விடுங்க சிஸ்டர், வருவா” என்றாள்.

வந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, என் முன்னால் மணலில் உட்கார்ந்தாள். நான் கேட்காமலே ரப்பரை அவிழ்த்து, இரண்டு காலையும் நீட்டினாள். துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

“பாத்துக்கங்க. முழுசா வந்துட்டேன்” என்றாள். பிறகு, கடலைப் பார்த்தபடியே சொன்னாள். “போகாதன்னு நீங்க அடம்பிடிச்சிருந்தா, காலு மரத்துப்போனதையும் சொல்லிருக்க மாட்டேன். காலு போற வரைக்கும் போயிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்.”

அவள் பாதம் என் மடியில் இருந்தது, ஈரமும் மணலுமாக. அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைத்தேன். “அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால உன்னையத் திட்டினேனே ஆத்தா, என்னைய மன்னிச்சிரு” என்று சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. வல்லத்துப் பெண்களெல்லாம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன சிஸ்டர் இது,” என்றாள், “கடலை விட்டுட்டு வந்தவ நான். நானுல்ல அழணும்?”